இடமாற்றம் தண்டனை அல்ல!

காவல் நிலையத்துக்குள் தன் காலால் நடந்து போன மனிதன் பிணமாக வெளியே வருகிறான். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி. நெஞ்சு வலிக்கிறது என்றான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் இறந்தான் என்பது முதல் வரி. உறவினர்கள் உடலை வாங்க மறுத்துச் சாலை மறியல் என்பது இரண்டாவது வரி. உயர் அதிகாரிகள் சமாதானப் பேச்சு என்பது மூன்றாவது வரி. சம்பந்தப்பட்ட காவலர்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்பது நான்காவது வரி. அத்துடன் செய்தி முடிகிறது.

தோழர்களே! தாய்மார்களே! அந்த நான்காவது வரியைப் பற்றித்தான் இந்த இதழில் பேசுகிறோம். ஏனென்றால் நம்மை ஏமாற்றும் வரி அதுதான். மறியல் செய்தவர்களைக் கலைந்து போக வைப்பது அதுதான். "ஏதோ நடவடிக்கை எடுத்துவிட்டார்களே" என்று நம் வாயை அடைப்பதும் அதுதான்.

இடமாற்றம் தண்டனையா? ஓரிடத்தில் அடித்தவனை இன்னோரிடத்துக்கு அனுப்பினால் அடித்த கை மாறுவதில்லை. அடிபடும் முதுகுதான் மாறுகிறது. தாற்காலிக வேலை நீக்கம் தண்டனையா? விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்வதற்குப் பெயர் அது. அந்தக் காலத்துக்கும் பாதிச் சம்பளத்தை ஒட்டிப் பிழைப்பூதியம் உண்டு. நாக்காவில் நின்று கூலிக்குப் போகும் நம்மவன் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நாள் கூலி போயிற்று. அவன் கைதவறி ஒரு கண்ணாடியை உடைத்தால் அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். மனித எலும்பை உடைத்தவனுக்கோ ஊர் மாற்றம்! இதை நீதி என்று நம்மால் ஏற்க முடியாது.

திருடனே திருட்டை விசாரிப்பதா?

காவலர் மீது புகார் கொடுத்தால் அதை விசாரிப்பது யார்? அதே காவல் துறை. வாக்குமூலம் எழுதுவது யார்? அதே துறையின் பேனா. அடித்த நேரத்தில் நிலையத்தில் இருந்த சாட்சிகள் யார்? அடித்தவரின் சக ஊழியர்கள். லாக்கப்பில் கிடந்தவனுக்கு அங்கே தாயுமில்லை, தம்பியுமில்லை. நான்கு சுவர்தான் சாட்சி.

இந்த அநீதி அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1985-ல் சட்டக் கமிஷன் தனது 113-வது அறிக்கையில் ஒரு எளிய யோசனை சொன்னது. காவலில் இருந்தபோது ஒருவர் உடலில் காயம் ஏற்பட்டால், அதைக் காவலரே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானித்துக் கொள்ளலாம். இல்லை என்றால் காவலர் நிரூபிக்கட்டும் என்றது. நியாயம்தானே? பூட்டிய அறையின் சாவி யாரிடம் இருந்ததோ அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. சாட்சியச் சட்டத்தையே தூக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதிலும் அந்த ஒரு பிரிவைச் சேர்க்க மனம் வரவில்லை!

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது. கையெழுத்தோடு சரி, இன்றுவரை உறுதி செய்யவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-ல் லோக்சபையில் நிறைவேறியது, சட்டமாகாமலே காலாவதியானது. 2017-ல் சட்டக் கமிஷன் தனது 273-வது அறிக்கையில் மீண்டும் வலியுறுத்தியது. அறிக்கை அலமாரியில் தூங்குகிறது.

வெள்ளைக்காரன் 1857 எழுச்சியைக் கண்டு நடுங்கி 1861-ல் போலீஸ் சட்டம் செய்தான். மக்களை அடக்கி வைப்பதற்காகச் செய்த படை அது. மக்களுக்குக் கணக்குச் சொல்லும் பழக்கம் அதன் பிறப்பிலேயே இல்லை. சுதந்திரம் வந்து 30 ஆண்டு கழித்து, அவசரநிலைக் கொடுமைகளுக்குப் பிறகு, 1977-ல் தேசிய போலீஸ் கமிஷன் அமைத்தார்கள். 1981-க்குள் அது எட்டு அறிக்கை கொடுத்தது. லாக்கப் மரணம், காவலில் கற்பழிப்பு போன்றவற்றில் நீதித்துறை விசாரணை கட்டாயம் வேண்டும் என்று முதல் அறிக்கையிலேயே சொன்னது. அந்த அறிக்கைகளையும் கிடப்பில் போட்டார்கள்.

போலீஸ் வேலையிலேயே தலை நரைத்த பிரகாஷ் சிங் என்ற ஓய்வு பெற்ற அதிகாரி 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பத்தாண்டு கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். அவற்றில் ஒன்று நமக்கு உயிர்நாடியானது: மாநிலத்துக்கு ஒன்றும் மாவட்டந்தோறும் ஒன்றுமாகப் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும். மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும். மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. அது சொல்லும் நடவடிக்கை அரசைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

மாநில அரசுகள் என்ன செய்தன? தமிழ்நாடு 2013-ல் ஒரு சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். உறுப்பினர்களில் ஒருவர் யார்? போலீஸ் டைரக்டர் ஜெனரல். திருட்டை விசாரிக்கத் திருடனின் மாமனையும் மச்சானையும் உட்கார வைத்தது போல இல்லையா? மகாராஷ்டிரம் 2014-ல் தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஆணையம் என்று எழுதியது. அதற்கு உயிர் வர மேலும் ஆண்டுகள் பிடித்தன. அப்படி ஒன்று இருப்பது நம் குடியிருப்புகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூற்றில் ஒருவருக்குத் தெரிந்தால் பெரிது. ரேஷன் கடைக்கு வழி தெரிகிறது, நீதிக்கு வழி தெரியாதபடி வைத்திருக்கிறார்கள்.

நாம் வாழும் இந்த நகரத்தின் கணக்கு

பம்பாய்க் கலவரம் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. அதன் அறிக்கை 1998-ல் சட்டசபைக்கு வந்தது. 31 போலீஸார் மீது அது குற்றம் சுமத்தியது. அவர்களில் எத்தனை பேர் சிறைக் கஞ்சி குடித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். கமிஷன் விசாரிக்கும்; அரசு படிக்கும்; நாட்கள் ஓடும்; அதிகாரி ஓய்வு பெறுவார். இதுதான் நடைமுறை.

காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகரை நம்மில் பலருக்குத் தெரியும். நம்மைப் போன்றே உழைத்துச் சாப்பிடும் தலித் மக்களின் குடியிருப்பு. 1997 ஜூலை 11 அன்று டாக்டர் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டு மக்கள் கொதித்துத் திரண்டார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டது. 10 பேர் மாண்டார்கள். சுடச் சொல்லி உத்தரவிட்டது மனோகர் கதம் என்ற சப்-இன்ஸ்பெக்டர். அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்று குண்டேவார் கமிஷன் சொன்னது. ஆயுள் தண்டனை எப்போது வந்தது? 2009 மே மாதத்தில்! 12 ஆண்டு கழித்து! அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. செத்தவர்களின் குழந்தைகள் அதற்குள் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பார்கள்.

இன்னொரு வழக்கு. 2006 நவம்பர் 11 அன்று ராம்நாராயண் குப்தா என்ற லக்கன் பையாவை நவி மும்பை வாஷியில் பிடித்துப் போனார்கள். அன்று மாலையே வர்சோவாவில் சுட்டுக் கொன்றுவிட்டு 'என்கவுன்டர்' என்றார்கள். அவர் மீது வழக்குகள் இருந்தன, உண்மை. வழக்கு இருந்தால் கோர்ட்டில் நிறுத்து. சுடும் உரிமையை உனக்கு யார் கொடுத்தது? உடன்பிறந்தவர் ஒரு வழக்கறிஞர். ஆளைப் பிடித்துப் போனார்கள் என்று தெரிந்ததும் அவர் ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. அன்றைக்கே அதிகாரிகளுக்குத் தந்தி அடித்தார், ஃபேக்ஸ் அனுப்பினார். சுட்டதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே அந்தக் காகிதங்கள் கிளம்பிவிட்டன. பின்னால் போலீஸ் சொன்ன கதையை உடைத்த கோடரிகளில் அவை முக்கியமானவை. நேரில் பார்த்த சாட்சி ஒருவர் 2011-ல் சாட்சி சொல்லும் முன்பே கொலையுண்டு கிடந்தார். அப்படியும் வழக்கு சாகவில்லை. 2013-ல் 13 போலீஸார் உட்பட 21 பேருக்கு ஆயுள் தண்டனை. அப்போது விடுதலையான பிரதீப் சர்மா என்ற பெயர் பெற்ற அதிகாரிக்கும் 2024 மார்ச் 19 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார். அது சட்டம் தரும் உரிமை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அன்றைக்கே கிளம்பிய காகிதம் 18 ஆண்டு நின்று பேசியது.

மொழியைச் சொல்லித் தப்ப விடாதீர்கள்

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "நாம் தமிழர் என்பதால் இந்த ஊர்ப் போலீஸ் அடிக்கிறது, நம் ஊரில் நம் போலீஸ் இப்படியா?" என்பார்கள். 1960-களில் 'லுங்கிக்காரர்களை விரட்டு' என்ற கூச்சலை நம் பெரியவர்கள் இந்த நகரத்தில் கேட்டவர்கள். அந்த வேதனையை நாம் மறுக்கவில்லை. அந்நிய ஊரில் மொழி தெரியாதவன் இருமடங்கு அடி வாங்குகிறான் என்பதும் உண்மை. ஆனால் மொழி ஒன்றாக இருந்தால் தடி மென்மையாகிவிடும் என்பது சுத்தப் பொய்!

சாத்தான்குளத்தைக் கேளுங்கள். நம்மில் பாதிப் பேரின் சொந்த ஊர்ப் பக்கம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனையும் மகனையும் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்ததாகச் சொல்லிப் பிடித்தார்கள். ஜூன் 22, 23 ஆகிய இரண்டு நாட்களில் இருவரும் செத்தார்கள். அடித்தவனும் தமிழன், அடிபட்டவனும் தமிழன். அந்த அலறலும் தமிழில்தான் கேட்டது. காமிரா இருந்தது, ஆனால் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டார். அதே நிலையத்தில் வேலை பார்த்த ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர் மட்டும் பயத்தை விழுங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சி.பி.ஐ. கொலைக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யும் நிலைக்கு வழக்கு வந்தது அதனால்தான்.

ஐந்தாண்டு கழித்துத் திருந்தினார்களா? 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் அஜித்குமார் என்ற கோவில் காவலாளியை நகைத் திருட்டுச் சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள். மறைந்திருந்து ஒருவர் எடுத்த படம் வெளியே வந்திராவிட்டால் அதுவும் நெஞ்சுவலியாகத்தான் முடிந்திருக்கும். ஐந்து போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

எல்லை தாண்டி வேலைக்குப் போனவன் கதி என்ன? 2015 ஏப்ரல் 7 விடிகாலையில் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டினார்கள், கோடரியாலும் கல்லாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. பஸ்ஸில் வந்தவர்களை இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை கமிஷன் முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலை போன்ற ஏழைப் பகுதிகளின் கூலிகள். மரத்தை விற்றுக் கோடி சம்பாதித்தவன் எவனும் அந்தக் காட்டில் சாகவில்லை.

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். 2012 பிப்ரவரி 23 அன்று சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து வடமாநில இளைஞர்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையர் என்றது. கோர்ட்டில் நிரூபிக்க எவரும் உயிரோடு இல்லை. அதன் பிறகு சென்னையில் வாடகைக்கு இருந்த வடநாட்டுக் கூலிகள் எல்லாம் சந்தேகப் பட்டியலில் ஏறினார்கள். அன்று தமிழ்நாட்டில் நம்மவர் பலர் கைதட்டினார்கள். கைதட்டியவர்களிடம் நாம் கேட்கிறோம்: மும்பையில் நாம் யார்? இங்கே நாமும் 'வெளியிலிருந்து வந்தவன்' தானே? அங்கே பீஹாரிக்குப் பொருந்தும் நியாயம்தானே இங்கே திருநெல்வேலிக்காரனுக்கும் பொருந்தும்? காக்கிக்கு மொழி கிடையாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: கேட்க ஆள் உள்ளவன், கேட்க ஆள் இல்லாதவன்.

கான்ஸ்டபிளும் ஏழை வீட்டுப் பிள்ளைதான்

நாம் காவலர் குலத்தின் பகைவர் அல்ல. பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கும் கான்ஸ்டபிள் நம்மைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்தவன்தான். அவனுக்குச் சங்கம் வைக்கும் உரிமையை 1966-ம் ஆண்டுச் சட்டம் ஒடுக்கி வைத்திருக்கிறது. 1982-ல், மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் நடந்த அதே ஆண்டில், ஆகஸ்ட் 18 அன்று பம்பாய்ப் போலீஸார் கிளர்ந்தெழுந்தபோது அரசு ராணுவத்தைக் கூப்பிட்டு அடக்கியது. அவர்கள் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. தெருவில் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் மில் தொழிலாளர்களும் உண்டு.

ஆகவேதான் சொல்கிறோம்: மாட்டிக்கொண்டால் பலியாவது கீழே உள்ளவன், உத்தரவு போட்டவன் படியேறிப் பதவி உயர்வு பெறுகிறான். "எப்படியாவது கேஸை முடி" என்று மேலிருந்து வரும் சொல்தான் கீழே தடியாக இறங்குகிறது. பொறுப்பு கீழ்ப்படியில் நின்றுவிடக் கூடாது. அது மேலே ஏற வேண்டும். வாச்சாத்தி வழக்கில் அது ஏறத் தொடங்கியதைப் பார்த்தோம். 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்ட மலைக் கிராமமான வாச்சாத்தியில் சந்தன மரம் தேடுகிறோம் என்று புகுந்தவர்கள் 18 பெண்களைக் கற்பழித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று 269 பேர் மீது சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. 2011 செப்டம்பர் 29 அன்று, அதுவரை உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தோடு நிற்கவில்லை, அன்றைய மாவட்ட கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடு என்றது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தரும் 10 லட்சத்தில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலி என்றது. எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து 31 ஆண்டு விடாமல் நின்றதன் பலன் அது. எவரும் தானாகக் கொடுக்கவில்லை.

'ஸ்டேஷனில் நமக்கு ஆள் இருக்கு, அண்ணாச்சி'

இப்போது நம் வீட்டுக் குப்பையையும் கிளறுவோம். நம் குடியிருப்புகள்தோறும் ஒரு பெரிய மனிதர் இருப்பார். பையனை ராத்திரி பிடித்துப் போனால் அம்மா முதலில் ஓடுவது அவர் வீட்டுக்குத்தான். "கவலைப்படாதே தாயி, ஸ்டேஷனில் நமக்கு ஆள் இருக்கு" என்பார். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். பையன் காலை நொண்டிக்கொண்டு வருவான். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பெரிய மனிதருக்குப் பங்கு. அடித்தவருக்குப் பங்கு. அடுத்த மாதம் அதே பையனை மீண்டும் பிடிப்பார்கள். ஏனென்றால் அந்த வீட்டில் பணம் பெயரும் என்று தெரிந்துவிட்டதே!

"வந்த இடத்தில் நமக்கு ஏன் வம்பு? பேசி முடிப்பது நல்லது" என்கிறார்கள் இந்தத் தரகர்கள். பேசி முடித்த ஒவ்வொரு அடிக்கும் ரசீது கிடையாது, பதிவு கிடையாது, வழக்கு கிடையாது. பத்து வீட்டுப் பையன்களை ஒரே அதிகாரி அடித்தாலும், ஏட்டில் அவர் சுத்தமான மனிதர். பதினோராவது வீட்டில் பிணம் விழும்போது "இதுவரை இவர் மீது ஒரு புகாரும் இல்லை" என்று மேலிடம் சொல்கிறது. அந்தச் சுத்தச் சான்றிதழை எழுதிக் கொடுத்தவர் யார்? நம் தரகர்தான்! தாய் ஓடி வரும்போது அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. அவளுக்கு வேறு கதவு தெரியாது. ஆனால் வேறு கதவு இருப்பது தெரிந்தும் அதை மூடி வைத்து, நடுவில் நின்று காசு பார்ப்பவரை நாம் மன்னிக்க மாட்டோம். தேர்தல் நேரத்தில் இவர்களே தமிழினக் காவலர்களாக மேடை ஏறுகிறார்கள்!

கதவுகள் எவை?

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. பயண நேரம் மட்டும்தான் அதில் சேராது. "விசாரணைக்குத்தான் வைத்திருக்கிறோம், கைது இல்லை" என்று மூன்று நாள் வைத்திருந்தால் அது சட்ட விரோதம்.

1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளை போட்டது. பிடிக்க வருபவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதானவர் கேட்டால் உடம்பில் உள்ள காயங்களை அப்போதே குறிக்க வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு. விதிவிலக்கான நிலைமை தவிர, சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்தாலும் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். சாட்சி விசாரணை என்று சொல்லிப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. பிறகு எதற்கு அடிக்கிறார்கள் என்று கேளுங்கள்!

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் குரலும் பதிவாகும் காமிரா வைக்கச் சொன்னது. லாக்கப், நடை, வாசல், இன்ஸ்பெக்டர் அறை எல்லா இடத்திலும். பதிவை 18 மாதம் காக்க வேண்டும். அதற்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. வேலை செய்யாத காமிராக்களைப் பற்றி 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாகவே மீண்டும் வழக்கு எடுக்க வேண்டி வந்தது என்றால், கட்டளையின் கதி விளங்கும்.

புகாரைப் பதிய மறுத்தால் என்ன செய்வது? பெருங்குற்றம் பற்றிய புகாரைப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகார் ஆணையத்துக்கும் மனித உரிமை கமிஷனுக்கும் எழுதலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: மனித உரிமை கமிஷனுக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் 161-வது பிரிவோ, கடமை என்ற பெயரில் செய்த செயலுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று கெடு வைக்கிறது. அரசின் முன் அனுமதி இருந்தால்தான் இரண்டு ஆண்டு. நாள் கடத்துவதே அவர்கள் தந்திரம். "பொறு, பேசி முடிப்போம்" என்று தரகர் சொல்லும்போது உங்கள் கெடு கரைகிறது!

தந்தி 2013-லேயே நின்று போனது. இன்று கைப்பேசி இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது. பிடித்துப் போன அந்த மணியிலேயே, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று நான்கு வரி எழுதிப் போலீஸ் கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் எழுதுங்கள். மராத்திக்கும் இங்கிலீஷுக்கும் மாற்றித் தருவது சங்கத்தின் வேலை. ஸ்டேஷன் டயரியில் அவர்கள் எழுதும் கதைக்கு முன்னால் உங்கள் காகிதம் பிறந்திருக்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: காவலில் காயமோ மரணமோ நேர்ந்தால் போலீஸே நிரபராதம் நிரூபிக்கும்படி 1985-ம் ஆண்டு யோசனையைச் சட்டமாக்கு!

இரண்டு: சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கு! ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை உறுதி செய்!

மூன்று: புகார் ஆணையங்களில் அதிகாரிகளின் ஆட்சியை ஒழி! ஆணையத்தின் முகவரியை ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் மராத்தி, ஹிந்தி, தமிழ் என்று அந்த வட்டார மக்கள் படிக்கும் மொழிகளில் எழுதி வை!

நான்கு: அடித்தவரோடு, அடிக்க விட்ட மேலதிகாரியையும் கூண்டில் ஏற்று! நஷ்ட ஈட்டை மக்கள் வரிப் பணத்தில் மட்டும் கொடுக்காமல் குற்றவாளியின் சம்பளத்திலும் பென்ஷனிலும் பிடி!

இவற்றை அரசிடம் கேட்கிறோம். நம்மிடம் நாமே கேட்பது ஒன்று உண்டு. நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பதிவேடு திறப்போம். யாரை, எப்போது, எந்த அதிகாரி பிடித்தார், என்ன நடந்தது என்று தேதியோடு எழுதுவோம். பக்கத்துச் சாலில் இருக்கும் உத்தரப் பிரதேசத்துக்காரன் வந்தாலும், மராத்தித் தோழன் வந்தாலும், முஸ்லிம் சகோதரி வந்தாலும் அதே ஏட்டில் எழுதுவோம். ஒரே பெயர் மூன்று முறை வந்தால் அந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஆணையத்தின் படியேறுவோம்.

தரகர் வீட்டுக்குப் போகும் வழியை மறப்போம். இடம் மாற்றாதே, குற்றம் சாட்டு என்று கேட்போம்!